இந்தோனேசியத் தெருக்கடையில் மதியச் சாப்பாடு: எங்கே உட்காருவது, என்ன கேட்பது

ஜகார்த்தாவுக்கோ யோக்யகர்த்தாவுக்கோ புதிதாக வந்து இறங்குபவர்கள் முதல் வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டை மாலிலேயே முடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். அங்கே படம் போட்ட மெனு இருக்கிறது, விலை எழுதியிருக்கிறது, பயமில்லை. தெருக்கடையில் இந்த வசதியெல்லாம் குறைவு. எதில் மாட்டிறைச்சி, எதில் இறால், காசு முதலிலா கடைசியிலா என்று தெரியாமல் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. இந்த நாட்டின் நல்ல சமையல் தெருவோரத்தில்தான் இருக்கிறது, அதுவும் மதியத்தில்தான் நிறைந்து கிடக்கிறது.

நான் சொல்லும் வழி எளிது. முதலில், கண்ணால் பார்த்துக் கையைக் காட்டி வாங்கக்கூடிய கடையில் தொடங்குங்கள். நாலு சொல் வாயில் வந்த பிறகு, உங்கள் கண்ணெதிரே செய்து தரும் வண்டிக்கடைக்குப் போங்கள். மேற்குச் சுமத்திராச் சமையலான பாடாங் கடை அதற்கும் அப்புறம். இந்த வரிசையில் போனால் கூச்சம் தானாகக் கழன்றுவிடும். பெரும்பாலும் ஜகார்த்தாவை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜாவாவின் மற்ற ஊர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

எத்தனை மணிக்குப் போவது

இங்கே தெருச் சாப்பாட்டுக்கு நேரக் கணக்கு உண்டு. காலையில் தெருவை ஆள்வது கோழிக் கஞ்சியும் (புபூர் ஆயாம்) தேங்காய்ப்பால் சாதமும் (நாசி உடூக்). இரவில் வறுத்த சோறான நாசி கோரெங் வண்டிகளும், கெளுத்தி மீன் பொரிக்கும் கூடாரக் கடைகளும் வரும். இந்தோனேசியா என்றாலே நாசி கோரெங்தான் என்று நினைத்து மதியம் அதன் வண்டியைத் தேடி அலைபவர்கள் உண்டு. அது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வரும். மதியத்துக்கு உரியவை வேறு: வார்தெக், பாடாங் கடை, காடோ காடோ, சோத்தோ, பக்சோ, மீ ஆயாம். ஒவ்வொன்றும் என்னவென்று கீழே சொல்கிறேன்.

11.30 மணிக்குப் போய்விடுங்கள். 12 அடித்தால் அலுவலகக் கூட்டம் இறங்கிவிடும், பெஞ்சில் இடம் இருக்காது. 2 மணிக்கு மேல் போனால் இடம் இருக்கும், ஆனால் காலையில் சமைத்த பதார்த்தங்கள் ஆறிப்போய், நல்லவை தீர்ந்துபோய் இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கும் கடைகள் பெரும்பாலும் விடியற்காலையிலிருந்து சமைத்து அடுக்கிவிடுகின்றன. ஆகவே முன்கூட்டிப் போவது ருசிக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.

வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார்கள். சில கடைகள் 12 முதல் 1 மணி வரை மூடியிருக்கும், தொழுகை முடிந்ததும் மசூதியைச் சுற்றி ஒரே கூட்டமாக இருக்கும். ரமலான் மாதத்தில் பகல் கடைகள் பல திறப்பதில்லை. திறக்கும் கடைகளும் முகப்பில் துணியைத் தொங்கவிட்டு, சாப்பிடுபவர்கள் வெளியே தெரியாதபடி மறைத்துக்கொள்ளும். நோன்பு இல்லாதவர் உள்ளே போய்ச் சாப்பிடலாம், தப்பில்லை. தெருவில் நின்று தின்னாமல், குடிக்காமல் இருப்பது மரியாதை.

எங்கே தேடுவது என்றால், சுதிர்மான், தம்ரின் போன்ற பெரிய சாலைகளில் நின்று பார்த்தால் கண்ணாடிக் கட்டடங்கள் மட்டுமே தெரியும். அந்தக் கட்டடங்களின் பின்பக்கச் சந்துக்குள் நுழையுங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஆட்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்களோ அந்தப் பக்கம் போனால் போதும். ரயில் நிலையம், சந்தை, கல்லூரி, அரசு மருத்துவமனை இவற்றின் சுற்றுப்புறமும் நல்ல இடங்கள்.

முதல் நாள்: வார்தெக்

வார்தெக் என்பது ஜாவாவின் வடகரையில் இருக்கும் தெகால் பகுதிக்காரர்கள் நடத்தும் சாப்பாட்டுக்கடை. ஜகார்த்தாவில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒன்று இருக்கும். சிதாபுர்னா, சிதாகத்தோன், க்ரண்டோன் போன்ற ஊர்க்காரர்கள் இந்தத் தொழிலுக்குப் பெயர்போனவர்கள். ஒரே கடையை இரண்டு குடும்பங்கள் முறைவைத்து நடத்துவதும் உண்டு: ஒரு குடும்பம் சில மாதங்கள் ஜகார்த்தாவில் கடையைப் பார்க்கும், மற்றது ஊரில் இருக்கும்; பிறகு மாறிக்கொள்வார்கள்.

பழைய பாணி வார்தெக்கின் முகப்பில் இரண்டு பக்கமும் இரண்டு வாசல், நடுவில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு மூன்று அடுக்குகளில் பதார்த்தங்கள் வைத்திருக்கும். பெட்டியை ஒட்டியே ஒரு நீளப் பலகை, முன்னால் நீள பெஞ்ச். புதியவருக்கு இதைவிட நல்ல கடை கிடையாது. மெனு படிக்க வேண்டாம். எல்லாம் கண் முன்னே இருக்கிறது.

உள்ளே போனதும் கடைக்காரம்மாவைப் பார்த்து ஒரு புன்னகை, "பெர்மிசி, பூ" என்று ஒரு வார்த்தை. அம்மா வயதுப் பெண்களை "பூ", அப்பா வயது ஆண்களை "பாக்" என்று கூப்பிடுவார்கள். இளைஞனாக இருந்தால் "மாஸ்", இளம்பெண் என்றால் "ம்பாக்". ஜகார்த்தாவில் அண்ணன் என்கிற மாதிரி "பாங்" என்றும் கூப்பிடலாம். பெயர் தெரியாதவரை வெறுமனே "ஹலோ" என்று அழைப்பதைவிட இது எவ்வளவோ மேல். முகமே மலர்ந்துவிடும்.

அடுத்து சோறு. அவர் தட்டை எடுத்ததுமே "மாக்கான் சினி" என்று சொல்லுங்கள், இங்கேயே சாப்பிடுகிறேன் என்று பொருள். பொட்டலம் வேண்டுமானால் "புங்குஸ்". சோற்றை மலைபோல் குவிப்பார்கள். பாதி போதுமென்றால் "நாசி செதெங்கா" என்று சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் பிறகு கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம், அதற்கு "தம்பா நாசி".

இப்போது கண்ணாடி வழியாகக் காட்ட வேண்டும். ஜாவாவில் சுட்டுவிரலை நீட்டிக் காட்டுவது மரியாதைக் குறைவு. வலது கையின் மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு கட்டைவிரலால் காட்டுவார்கள். "இனி, பூ" என்று சொல்லியபடி காட்டினால் "இதைப் போடுங்கம்மா" என்று ஆகிவிடும்.

எதைக் காட்டுவது? முதல் நாளுக்கு என் தேர்வு இதுதான்: தெம்பே ஒரெக், ஒரு கீரை, ஒரு முட்டை அல்லது மீன். தெம்பே ஒரெக் என்பது சோயாவைப் பூஞ்சையால் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய தெம்பேயை மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் பொரித்து, மிளகாயும் இனிப்பு சோயா சாஸும் போட்டுப் புரட்டியது. ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் சற்றுக் கடிபடுவதாகவும் இருக்கும். நல்ல வார்தெக்கா என்று தெரிந்துகொள்ள அதன் தெம்பே ஒரெக்கை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தால் போதும். எண்ணெயில் ஊறிச் சொதசொதவென்று இருந்தால் மறுநாள் வேறு கடை பார்க்கலாம். கீரையில் துமிஸ் காங்குங், அதாவது வள்ளல்கீரை வதக்கல், எங்கும் இருக்கும். தேங்காய்ப்பாலில் காய்கள் போட்ட சாயூர் லோதே, புளி போட்ட சாயூர் ஆசெம் இரண்டும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட ஏற்றவை. சிவப்பு மிளகாய் விழுதில் புரட்டிய எதற்கும் "பாலாடோ" என்று பெயர். கத்தரிக்காய் பாலாடோ, முட்டை பாலாடோ, சூரை மீன் பாலாடோ எல்லாமே நன்றாக இருக்கும். பார்க்க உருண்டையாக, பழுப்பாக, குழம்பில் மிதக்கும் ஜெங்கோல் என்ற கொட்டையைப் பிறகு ஒருநாள் முயலலாம். அதன் வாசம் பலமானது, சாப்பிட்ட பிறகும் கூடவே வரும்.

மேஜையில் கண்ணாடி முகப்பு வைத்த பெரிய தகர டப்பா ஒன்று இருக்கும். அதில் வெள்ளை நிறத்தில் சுருள்சுருளாக இருப்பது கெருப்புக், மரவள்ளி மாவு அப்பளம். நீங்களே மூடியைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தட்டில் இருக்கும் பஜ்ஜி வகைகளும் அப்படித்தான். அவற்றைக் கடிக்கும்போது பச்சை மிளகாயையும் ஒரு கடி கடிப்பது இந்த ஊர்ப் பழக்கம். எத்தனை எடுத்தோம் என்ற கணக்கை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய், சோறு, தெம்பே, கீரை, முட்டை, கெருப்புக் இரண்டு, தேநீர் ஒன்று என்று சொல்லிவிட்டு "செமுவா பெராப்பா?" என்று கேட்டால், மொத்தம் எவ்வளவு என்று சொல்வார். தட்டைப் போடும்போதே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. இரண்டிலும் சாப்பிடுபவர் சொல்லை நம்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடைகள் மேல் மதிப்பு கூடுகிறது.

ஜகார்த்தாவில் காய், தெம்பே, முட்டையோடு சோறு என்றால் சுமார் 15,000 ரூபியா, கோழியோ மீனோ சேர்ந்தால் 20,000 முதல் 25,000 வரை ஆகலாம்.

எதில் என்ன இருக்கிறது

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவர்களும் இதைக் கவனமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கு "சாப்பி", கோழிக்கு "ஆயாம்", மீனுக்கு "இக்கான்", இறாலுக்கு "உடாங்", முட்டைக்கு "தெலூர்". "டாகிங்" என்று மட்டும் சொன்னால் இறைச்சி. பெரும்பாலும் அது மாடுதான். ஒரு பதார்த்தத்தைக் காட்டி "இனி சாப்பி?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் வந்துவிடும். வெளிப்பார்வைக்குத் தெரியாத மாட்டுப் பொருள்களும் உண்டு. கிகில் என்பது மாட்டுக்கால், தோல் பகுதி. க்ரெச்செக் என்பது மாட்டுத்தோல் வற்றலைக் காரக் குழம்பில் ஊறவைத்தது. கெருப்புக் கூலித் என்றால் மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல் அப்பளம். பக்சோ உருண்டை, எதுவும் சொல்லாவிட்டால், மாட்டிறைச்சி உருண்டைதான்.

பன்றி இறைச்சி பற்றி ஜாவாவின் தெருக்கடையில் கவலைப்படத் தேவையில்லை. நாட்டில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். பன்றி விற்கும் கடை பெரும்பாலும் "பாபி" என்று பலகையிலேயே எழுதிவைத்திருக்கும்.

சைவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம், ஆனால் முடியாத காரியம் இல்லை. தெம்பேயும் தாஹு எனப்படும் சோயாக் கட்டியும் எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைப்பது பெரிய வரம். சிக்கல் தெராசியில். இறாலைப் புளிக்கவைத்துச் செய்த இந்த விழுது, சம்பல் என்ற மிளகாய்ச் சட்னியிலும், பல காய்கறிப் பதார்த்தங்களிலும், சாயூர் ஆசெமிலும்கூட இருக்கும். காய்தானே என்று எடுத்தால் அதற்குள் இறால் வாசம். ஆகவே ஏற்கெனவே சமைத்து வைத்த கடையைவிட, கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைதான் கறாரான சைவர்களுக்கு நல்லது. "தன்பா தெராசி" என்று சொன்னால் தெராசி இல்லாமல் அரைப்பார்கள். கெருப்புக்கிலும் இறாலோ மீனோ கலந்திருக்கலாம், அதையும் தவிர்த்துவிடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் காடோ காடோ, கெத்தோப்ராக், பெச்செல், குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சத்தே ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம்; பெரும்பாலும் கடலைதான் அடிப்படை.

காடோ காடோ வண்டிக்கு முன்னால்

வார்தெக்கில் இரண்டு மூன்று நாள் பழகிவிட்டால் அடுத்தது இது. காடோ காடோ என்பது வெந்த காய்களை வேர்க்கடலை விழுதில் புரட்டித் தருவது. இதில் இரண்டு வகை: விழுதை மொத்தமாகக் காய்ச்சி வைத்துக்கொண்டு மேலே ஊற்றுவது ஒன்று, ஒவ்வொரு தட்டுக்கும் புதிதாக அரைப்பது ஒன்று. பின்னதைத் தேடிப் போங்கள். அரைப்பதற்கு "உலெக்" என்று பெயர். பலகையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டியின் நடுவே சோபெக் என்ற அகலமான கல் தட்டு இருக்கும், விளிம்பு லேசாக உயர்ந்திருக்கும். கடைக்காரர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: மிளகாய் எத்தனை? சின்னஞ்சிறு ஊசி மிளகாய்தான், ஆனால் காரம் சுரீரென்று ஏறும். காரம் பழகியவர்கள்கூட முதல் தடவை இரண்டு போதுமென்று சொல்வது நல்லது. "சாபே துவா" என்றால் இரண்டு மிளகாய். வேண்டவே வேண்டாம் என்றால் "தீடாக் பெடாஸ்".

மிளகாயோடு பூண்டு, உப்பு, தென்னை அல்லது பனைவெல்லம் வைத்துக் குழவியை முன்னும் பின்னும் தேய்ப்பார். குழவி வளைந்த கைப்பிடி மாதிரி இருக்கும், நேராக இடிக்காமல் சாய்த்துத்தான் அரைப்பார்கள். அது நசுங்கியதும் ஒரு கை பொரித்த வேர்க்கடலை. கொஞ்சம் புளித்தண்ணீர். கல்லில் கடலை கொரகொரவென்று உடைந்து, எண்ணெய் விட்டு, மெல்ல விழுதாகும். சிலர் கச்சோலக் கிழங்கு ஒரு துண்டு சேர்ப்பார்கள். கடைசியில் ஒரு சிறு எலுமிச்சையைப் பிழிவார்கள். பிறகு அதே கல்லிலேயே முட்டைக்கோஸ், காராமணிக்காய், முளைப்பயறு, கீரை, வெந்த உருளைக்கிழங்கு, பொரித்த தாஹு, தெம்பே எல்லாவற்றையும் தள்ளி, இரண்டு கரண்டியால் புரட்டி, தட்டில் சரிப்பார். மேலே பொரித்த சின்ன வெங்காயம், கெருப்புக். எம்பிங் என்ற லேசான கசப்புள்ள மெலிஞ்சோ கொட்டை வறுவலும் வைத்தால் அது நல்ல கடை.

சோறு வேண்டுமா, லொன்தோங் வேண்டுமா என்று கேட்பார்கள். லொன்தோங் என்பது அரிசியை வாழையிலையில் சுருட்டி மணிக்கணக்கில் வேகவைத்து, ஆறியதும் வில்லை வில்லையாக வெட்டுவது. கடலை விழுதுக்கு அதுதான் பொருத்தம். விழுது உள்ளே இறங்கும், பல்லில் மெத்தென்று படும்.

இதே குடும்பத்தில் கெத்தோப்ராக் இருக்கிறது: தாஹு, அரிசிச் சேமியா, முளைப்பயறு, லொன்தோங், பூண்டு தூக்கலான கடலை விழுது. கீரை வேண்டாம், கனமாக ஏதாவது வேண்டும் என்கிறவர்களுக்கு அது. பச்சைக் காய்களில் செய்த கரெடோக் மேற்கு ஜாவாவுக்கு உரியது. கிழக்கு ஜாவாவில் மடியூன் ஊரின் பெச்செல் பெயர்போனது, அதோடு வரும் வேர்க்கடலை பதித்த ரெம்பெயெக் தட்டைக்காகவே அதை வாங்கலாம்.

கிண்ணத்தில் வருபவை

சோத்தோ என்பது குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவே இருக்கும் ஒரு சாறு. ஊருக்கு ஒரு வகை. லமொங்கான் பாணிக் கோழிச் சோத்தோ மஞ்சள் நிறத்தில் இருக்கும், உள்ளே சேமியா, முளைப்பயறு, பிய்த்த கோழி, அரை முட்டை. மேலே கோயா என்ற பொடியைத் தூவுவார்கள். இறால் அப்பளத்தையும் பொரித்த பூண்டையும் இடித்த பொடி அது. சாறோடு கலந்ததும் கெட்டியாகி, ருசி இன்னொரு படி ஏறும். ஜகார்த்தாவின் சொந்தச் சோத்தோ பெத்தாவி தேங்காய்ப்பாலோ பாலோ சேர்த்த வெள்ளைச் சாறு, மாட்டிறைச்சியும் குடலும் போட்டது. சோற்றை உள்ளேயே போடவா என்று கேட்பார்கள்: கலந்து வேண்டுமானால் "சம்பூர்", தனியாக வேண்டுமானால் "பிசா". தனியாக வாங்கி, கரண்டிச் சோற்றைச் சாறில் முக்கிச் சாப்பிடுவது எனக்குப் பிடிக்கும்.

பக்சோ வண்டி வருவதைக் காதால் தெரிந்துகொள்ளலாம். கிண்ணத்தைக் கரண்டியால் டிங் டிங் என்று தட்டிக்கொண்டே வருவார்கள். அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா சிறுவயதில் ஜகார்த்தாவில் வளர்ந்தவர். 2010 நவம்பரில் இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தில் பேசியபோது சத்தே, பக்சோ விற்பவர்களின் குரலை நினைவுகூர்ந்தார், அரங்கமே ஆர்ப்பரித்தது. அந்த அளவுக்கு இந்த ஊர்க் குழந்தைப் பருவத்தோடு ஒட்டிய சாப்பாடு இது. மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் பக்கத்து வண்டியில் மீ ஆயாம் கேட்கலாம். வேகவைத்த கோதுமை நூடுல்ஸை எண்ணெயிலும் சோயா சாஸிலும் புரட்டி, மேலே இனிப்பும் உப்புமாகச் சமைத்த கோழித் துண்டுகளும் கடுகுக் கீரையும் வைத்துத் தருவார்கள். சாறு தனிக் கிண்ணத்தில் வரும். பல வண்டிகளில் பக்சோவும் மீ ஆயாமும் சேர்ந்தே இருக்கும். அப்போது சாறு மாட்டெலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

மேஜையில் கெச்சாப் மானிஸ் என்ற கருப்பு இனிப்பு சோயா சாஸ், சிவப்பு மிளகாய் சாஸ், சம்பல், வினிகர் எல்லாம் இருக்கும். எதையும் ஊற்றாமல் முதலில் ஒரு கரண்டி சாறைக் குடித்துப் பாருங்கள். பிறகு எலுமிச்சை, பிறகு சம்பல் அரைக் கரண்டி, கெச்சாப் கடைசியில். முதலிலேயே எல்லாவற்றையும் ஊற்றினால் எந்த ஊர்ச் சோத்தோவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பாடாங் கடை

மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களுடைய சமையல் இது. ஜன்னலில் தட்டுகளைக் கோபுரமாக அடுக்கியிருப்பதை வைத்துத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். இங்கே கடைக்கார இளைஞரை அவர்கள் பேச்சில் "உடா", பெண்ணை "உனி" என்று அழைத்தால் மகிழ்வார்கள்.

இரண்டு விதமாகச் சாப்பிடலாம். ஒன்று, வார்தெக் மாதிரியே காட்டி ஒரே தட்டில் வாங்குவது. தனியாகப் போகிறவர்களுக்கு இதுதான் சரி, செலவும் குறைவு. இன்னொன்று "ஹிடாங்": நீங்கள் உட்கார்ந்ததும் கேட்காமலே பத்துப் பதினைந்து சின்னத் தட்டுகளைக் கைநெடுக அடுக்கிக் கொண்டுவந்து மேஜை முழுக்கப் பரப்பிவிடுவார்கள். பதற வேண்டாம். எந்தத் தட்டிலிருந்து எடுத்தீர்களோ அதற்கு மட்டும்தான் காசு. தொடாத தட்டு திரும்பிப் போகும். அதனால்தான் ருசி பார்ப்போம் என்று எல்லாவற்றிலும் கை வைக்கக் கூடாது.

ரெண்டாங் என்பது தேங்காய்ப்பாலில் மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் சுண்டவைத்துக் கருக்க எடுப்பது. மாடு சாப்பிடாதவர்களுக்கு ஆயாம் பாப் என்ற வெளிர் நிறக் கோழி, கோழிக் குழம்பு, மீன் தலைக் குழம்பு இருக்கின்றன. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு இலையும் பச்சை மிளகாய்ச் சம்பலும் எப்படியும் தட்டில் வந்துவிடும், அவையே பாதிச் சாப்பாடு. கையால் சாப்பிடலாம். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார்கள், அது குடிப்பதற்கல்ல, விரல் கழுவ. மற்றக் கடைகளில் வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி, கத்தி கிடையாது. எங்கே சாப்பிட்டாலும் காசையோ தட்டையோ இடது கையால் நீட்டாதீர்கள்.

குடிக்க

குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது, இந்த ஊர்க்காரர்களும் அதைக் காய்ச்சாமல் குடிப்பதில்லை. "ஆக்வா" என்று கேட்டால் ஏதோ ஒரு நிறுவனத்தின் தண்ணீர் பாட்டில் வரும். காரத்தோடு குடிக்க நல்லது தேநீர்தான். சர்க்கரை இல்லாத வெறும் தேநீர் "தே தாவார்", ஜகார்த்தாவிலும் மேற்கு ஜாவாவிலும் பல கடைகளில் இலவசம். இனிப்பு போட்டுப் பனிக்கட்டி போட்டது "எஸ் தே மானிஸ்". யோக்யகர்த்தா, சோலோ பக்கம் வெறுமனே தேநீர் கேட்டாலே சர்க்கரை போட்டுத்தான் வரும்.

பனிக்கட்டி நடுவில் துளையுள்ள குழாய் வடிவில் இருந்தால் அது ஆலையில் செய்தது, பயமில்லை. பெரிய பாளத்தைச் சாக்கில் கொண்டுவந்து தரையில் உடைக்கும் கடையில், வயிறு பழகும் வரை சூடான தேநீரே கேளுங்கள்.

சுத்தத்துக்கு நான் பார்ப்பது மூன்றைத்தான்: கூட்டம் இருக்கிறதா, சாறு கொதித்துக்கொண்டே இருக்கிறதா, தட்டு கழுவும் வாளித் தண்ணீர் மாற்றப்படுகிறதா. மூன்றாவதில் சந்தேகம் வந்தால் பொட்டலமாக வாங்கிவிடுங்கள். எண்ணெய் இறங்காத பழுப்புத் தாளில் மடித்து ரப்பர் வளையம் போட்டுத் தருவார்கள்.

காசு

5,000, 10,000, 20,000 நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். 15,000 ரூபியா சாப்பாட்டுக்கு 1,00,000 நோட்டை நீட்டினால் கடைக்காரர் சில்லறைக்குப் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும். நோட்டில் சுழிகள் அதிகம், அவசரத்தில் குழம்பும். நிறத்தை நினைவில் வையுங்கள்: 10,000 ஊதா, 20,000 பச்சை, 50,000 நீலம், 1,00,000 சிவப்பு. பேச்சில் ஆயிரத்தை விட்டுவிட்டு "லீமா பெலாஸ்", அதாவது பதினைந்து என்று மட்டும் சொன்னாலும் பதினைந்தாயிரம் என்றே பொருள்.

2019-இல் இந்தோனேசிய மத்திய வங்கி கொண்டுவந்த க்ரிஸ் என்ற க்யூஆர் முறை இப்போது வண்டிக்கடை வரை வந்துவிட்டது. உள்ளூர் வங்கிக் கணக்கு இருந்தால் சில்லறைப் பிரச்சினையே இல்லை. வெளிநாட்டுச் செயலிகள் எல்லாவற்றிலும் அது வேலை செய்யாது, ஆகவே கையில் ரொக்கம் வேண்டும். விலை எழுதாத கடையில் உட்காரும் முன்பே "பெராப்பா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பேரம் பேசாதீர்கள். இந்தக் கடைகளின் லாபம் மிகச் சிறியது. சாப்பிடும்போது கிதாருடன் பாட்டுக்காரர் வந்து நின்றால் 1,000 அல்லது 2,000 கொடுக்கலாம், இல்லையென்றால் உள்ளங்கையை லேசாக உயர்த்தி "மாஃப்" என்று சொன்னால் நகர்ந்துவிடுவார்.

ஜகார்த்தாவுக்கு வெளியே

யோக்யகர்த்தாவில் குடெக் சாப்பிடுங்கள். பலா மூசைத் தேங்காய்ப்பாலிலும் வெல்லத்திலும் பழுப்பாகும் வரை வேகவைத்தது. விஜிலான் தெரு முழுக்க அதன் கடைகள்தான். கூடவே வைக்கும் க்ரெச்செக் மாட்டுத்தோல், வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். சுரபாயாவில் ரவோன் என்ற கருப்பு மாட்டிறைச்சிச் சாறு. ருஜாக் சிங்கூர் என்ற கலவையில் மாட்டு மூக்கு இருக்கும், பழக் கலவை என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம். பாலித் தீவில், சோற்றோடு பல பதார்த்தங்களைச் சேர்த்துத் தரும் நாசி சம்பூர் எங்கும் கிடைக்கும். அங்கே பன்றி இறைச்சி சாதாரணம், வேண்டாதவர்கள் "வாருங் முஸ்லிம்", அதாவது முஸ்லிம் சாப்பாட்டுக்கடை, என்ற பலகையைத் தேடலாம்.

வடக்குச் சுமத்திராவின் மேடானில் கம்பூங் மெட்ராஸ் என்ற பேட்டை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள் வாழும் பகுதி, 1880-களில் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் அங்கேதான். பரோட்டா மாதிரியான ரொட்டி சானேயும் கறிக் குழம்பும் சாப்பிட அந்தப் பக்கம் போகலாம்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு மத்திய ஜாவாவின் குதுஸ் ஊரைச் சிறப்பாகச் சொல்வேன். அங்கே இஸ்லாத்தைப் பரப்பிய சுனான் குதுஸ், உள்ளூர் இந்துக்களின் மனம் நோகக் கூடாது என்று பசுவை அறுக்க வேண்டாமென்று சொன்னதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். இன்றுவரை சோத்தோ குதுஸில் மாடு கிடையாது. எருமை அல்லது கோழிதான். "கெர்பாவ்" என்றால் எருமை, "ஆயாம்" என்றால் கோழி. கிண்ணம் ரொம்பச் சின்னது, சோறும் உள்ளேயே இருக்கும். ஒன்று போதாது, இரண்டாகவே சொல்லிவிடுங்கள்.